வண்டி காலி

சூச்சிங் அக்கா எங்கள் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே ஆ-ஹோங்கோடு சண்டை போட்டாள். ஒரு குழந்தையின் பெயருக்காக நடந்த சண்டை அது.

எங்கள் கம்பெனி தாய்ச்சுங் நகரின் தென்கோடியில், ஸ்கூட்டர் மெக்கானிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மழலையர் பள்ளி வேன்களுக்கு ஒரு மென்பொருள் செய்கிறோம். குழந்தையின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். வேன் கதவோரம் ஒரு சின்னக் கருவி. குழந்தை ஏறினால் 'டிங்', இறங்கினால் 'டிங்'. ஒவ்வொரு டிங்குக்கும் அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி போகும். எல்லாரும் இறங்கி முடித்ததும் டிரைவருக்கு முன்னால் இருக்கும் திரை பச்சையாகி 'வண்டி காலி' என்று காட்டும். இதை எழுதுகிறவன் ஆ-ஹோங். எழுதியதில் எங்கே ஓட்டை என்று தேடுகிறவள் நான், பெய்ஜென். எங்கள் எல்லாருக்கும் மேலே லாய் சார். கம்பெனி அவருடையது.

சூச்சிங் அக்கா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். பல வருடம் மழலையர் பள்ளி டீச்சராக இருந்து, அதை விட்டுவிட்டு, ஏதோ ஒரு வகுப்பில் சாப்ட்வேர் டெஸ்டிங் படித்துவிட்டு என்னோடு சோதனை வேலைக்கு வந்திருந்தாள். வேலை மாறியும் தொண்டை மாறவில்லை. டீச்சர் தொண்டை.

அபூர்வமான சீன எழுத்தில் பெயர் வைத்திருந்த ஒரு குழந்தைக்கு, போனில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் வந்தது. அக்கா அதைப் பிழை என்று பதிந்தாள். ஆ-ஹோங் "இதெல்லாம் பக்கே இல்ல, அலங்கார விஷயம்" என்று திருப்பி அனுப்பினான். அக்கா எழுந்து அவன் மேசைக்கே போய்விட்டாள்.

"உன் நெத்தியில பேருக்குப் பதிலா ஒரு கட்டம் வரைஞ்சு விடறேன். அலங்காரமா இருக்கும். வச்சுக்கறியா?"

"அக்கா, செய்தி போகுதில்ல? டிங் அடிக்குதில்ல? அப்புறம் என்ன?"

"எந்தக் குழந்தைன்னே தெரியாம செய்தி போய் யாருக்கு என்ன லாபம்?"

நான் அவளைக் கீழே தெருமுனை டீக்கடைக்கு இழுத்துப்போனேன். வகுப்பில் என்னதான் படித்தாலும் சில சொற்கள் வேலை பார்க்கும் இடத்தில்தான் மண்டைக்குள் ஏறும்.

"அக்கா, ஆள் செய்யறது தவறு. அந்தத் தவறால புரோகிராமுக்குள்ள வந்து உக்காந்துக்கறது பிழை. அந்தப் பிழை வெளிய வந்து, உபயோகிக்கறவங்க மூஞ்சில அடிக்குதே, அது கோளாறு. பிழை பாட்டுக்கு உள்ள தூங்கிட்டே கிடக்கும். அந்த வழியா யாராவது நடந்தாத்தான் முழிச்சுக்கும்."

"சரி. இந்த மூணுல திட்டு வாங்க வேண்டியது எது?"

"அதுக்குன்னு தனிச் சொல் இல்லக்கா."

"அதானே பாத்தேன்" என்று உறிஞ்சுகுழலால் டீயின் அடியில் கிடந்த மரவள்ளிக்கிழங்கு மாவு உருண்டை ஒன்றைக் குத்தினாள்.

ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு மார்க் உண்டு என்றும் சொன்னேன். எவ்வளவு சேதம் பண்ணும் என்பது தீவிரம். அதைச் சோதிக்கிற நாங்கள் போடுவோம். எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய வேண்டும் என்பது முன்னுரிமை. அதை லாய் சார் போடுவார்.

"ஒரே பிழைக்கு ரெண்டு மார்க் எதுக்கு? சேதம் பெருசுன்னா உடனே சரி பண்ண வேண்டியதுதானே?"

"எப்பவும் அப்படி இல்ல. முகப்புல கம்பெனி பேரு தப்பா இருந்தா யாருக்கும் சேதமில்ல, ஆனா உடனே மாத்தியாகணும்."

"நேர்மாறா? சேதம் பெருசு, ஆனா மெதுவாப் பண்ணலாம்னு ஏதாவது இருக்கா?"

"யாருமே செய்யாத ஒண்ணைச் செஞ்சாத்தான் அது வரும்னா, தள்ளி வைப்பாங்க."

அக்கா குடிப்பதை நிறுத்தினாள். "யாருமே செய்யாததுன்னு முடிவு பண்றது யாரு?"

எனக்குப் பதில் தெரியும். லாய் சார்தான்.

ஆகஸ்ட் வந்தது. பள்ளி திறப்பதற்கு முன்னால் வெளியிட்டே தீருவது என்று லாய் சார் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில்தான் நான் ஒரு பிழையைப் பிடித்தேன். குழந்தை கதவருகே கொஞ்சம் தயங்கி நின்றால் கருவி அட்டையை இரண்டு தரம் படித்துவிடும். டிங் டிங். ஏறியதும் இறங்கியதாகக் கணக்கு ஆகிவிடும். ஆ-ஹோங் இதை மறுக்கவில்லை. உடனே திருத்தினான். ஒரே அட்டை ஒரு நிமிடத்துக்குள் மறுபடி வந்தால் இரண்டாவதைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி எழுதினான்.

கதவில் நின்று பார்த்தேன். ஒரே டிங். சரியாகிவிட்டது. ஆனால் திருத்தியதைப் பார்ப்பதோடு வேலை முடியாது. திருத்தப் போன இடத்தில், நேற்றுவரை ஒழுங்காக ஓடியது எதுவும் உடைந்துவிட்டதா என்று பழையதையெல்லாம் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். ரிக்ரெஷன் என்று சொல்வோம். அதற்கு ஒரு வாரம் கேட்டேன்.

லாய் சார் சிரித்தார். "ஒரு வரி மாத்தினதுக்கு ஒரு வாரமா? கூரையில ஒரு ஓடு மாத்தினா வீட்டையே தோண்டிப் பாப்பியா பெய்ஜென்?"

"ஓடு மாத்தப் போனவன் கால் எங்கெல்லாம் பட்டுச்சுன்னு பாக்கணும்ல சார்."

"ரெண்டு நாள் எடுத்துக்கோ. போ."

பற்களைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. எது உடைந்தால் அதிக ஆபத்தோ அதையாவது பார்க்கலாம் என்று, அலுவலகத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கும் பழைய வேனுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அக்கா கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு குழந்தையானாள். எழுதிவைத்த டெஸ்ட் கேஸ்களை எல்லாம் வரிசையாக முடித்தோம். எல்லாம் சரியாக வந்தது. "இனிமே எழுதி வைக்காததைப் பண்ணுங்க. உங்க கிளாஸ் பிள்ளைங்க என்னென்ன பண்ணுமோ அதெல்லாம்" என்றேன். அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஷூவைக் கழற்றிவிட்டு அழுதாள். படியில் உட்கார்ந்து நகர மாட்டேன் என்றாள். அட்டையை வாயில் வைத்துக் கடித்தாள். நான் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தேன். அப்புறம் டிங் என்று இறங்கியவள், "ஐயோ, என் தண்ணி பாட்டில்!" என்று கத்திக்கொண்டு திரும்ப ஏறி, கடைசி சீட்டுக்கு ஓடி, குனிந்தாள்.

டிங் கேட்கவில்லை.

திரையைப் பார்த்தேன். பச்சை. 'வண்டி காலி'.

"அக்கா, அங்கேயே உக்காருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கிக் கதவை இழுத்து மூடினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். பச்சை மாறவே இல்லை. இறங்கிய ஒரு நிமிடத்துக்குள் திரும்ப ஏறியதால், ஆ-ஹோங்கின் அந்த ஒரு வரி அவள் அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டது. கணக்குப்படி அவள் இறங்கிவிட்டாள்.

கதவைத் திறந்தபோது வியர்வையில் நனைந்திருந்தாள். "நான் இப்ப எங்க இருக்கேனாம்?"

"ஸ்கூலுக்குள்ள. உங்கம்மாவுக்குச் செய்தி போயாச்சு."

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. படியில் இறங்கி உட்கார்ந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"நான் டீச்சர் வேலைய ஏன் விட்டேன் தெரியுமா? எங்க ஸ்கூல் வேன்ல ஒரு பையன் கடைசி சீட்டுல தூங்கிட்டான். ஒருத்தரும் பாக்கல. செடிக்குத் தண்ணி ஊத்த வந்தவர் பாத்துத் தூக்கிட்டு வந்தார். கன்னத்துல சீட்டுத் தையல் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. உதடு காஞ்சு வெள்ளையா... பொழச்சுட்டான். அதுக்கப்புறம் எங்களை எல்லாம் ரூமுக்குக் கூப்பிட்டு, 'உடனே கண்டுபிடிச்சுட்டோம்னு சொல்லுங்க'ன்னாங்க. எல்லாரும் தலையாட்டினாங்க. என்னால முடியல. வந்துட்டேன்."

நான் அன்றைக்கே பிழையைப் பதிந்தேன். என்ன செய்தோம், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. தீவிரம்: உச்சம்.

மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதற்குள் ஆ-ஹோங் அதை மூடிவிட்டான். 'வடிவமைத்தபடியே இயங்குகிறது' என்று காரணம்.

இந்த முறை அவன் மேசைக்குப் போனது நான்.

"ஆ-ஹோங், உள்ள ஆள் இருக்கும்போது காலின்னு காட்டறதையா நீ வடிவமைச்ச?"

"ஒரு நிமிஷத்துக்குள்ள வர்றதைத் தள்ளுன்னு எழுதினேன். தள்ளுது. இதுல என்ன பக்? போன வாரம் டிங் டிங்னு ரெண்டு தரம் அடிக்குதுன்னு அழுதது யாரு? நீதானே? உனக்காகத்தானே இதைப் போட்டேன்!"

"எனக்காக இன்னொரு குழிய வெட்டச் சொன்னேனா?"

"குழிய மூட மண்ணு வேணும்ல, எங்கிருந்தாவது எடுத்துத்தானே ஆகணும்? கதவுல ரெண்டு கண்ணு வச்சா உள்ள போறானா வெளிய வர்றானான்னு தெரியும். ஒரு கண்ணு போதும்னது யாரு, நானா?" முகமெல்லாம் சிவந்துவிட்டது அவனுக்கு. குரலைத் தாழ்த்தினான். "நீ பதிஞ்ச பிழைய மூடச் சொன்னது லாய் சார். என்கிட்ட ஏன் குதிக்கற? அங்க போய்க் குதி."

நானும் அக்காவும் போனோம். லாய் சார் அப்போது வாசலில் இருந்தார். சந்திரக் கணக்குப்படி ஏழாம் மாதம், அதற்கான படையல். வருடா வருடம் இந்த மாதத்தில் பசியோடு அலையும் பேய்களுக்கு, மரியாதையாகச் சொன்னால் 'நல்ல அண்ணன்மாருக்கு', தெருவில் உள்ள எல்லாக் கடைகளும் மேசை போட்டுப் படைக்கும். எங்கள் மேசையில் பிஸ்கட், நூடுல்ஸ் டப்பா, அன்னாசி, குளிர்பானம் எல்லாம் அடுக்கியிருந்தது. நடுவில் எங்கள் சர்வர் மேல் எப்போதும் இருக்கும் பச்சைப் பொட்டலத் தின்பண்டம், 'சமத்தா இரு' என்று பெயர் போட்டது, அதையும் கொண்டுவந்து வைத்திருந்தார். மெஷின் மக்கர் பண்ணாமல் இருக்க அது. லாய் சார் கையில் ஊதுபத்தி புகைந்தது.

நான் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தீவிரம் ஒண்ணு, உச்சம்தான். ஒத்துக்கறேன்" என்றார். "முன்னுரிமை மூணு. வெளியிட்டதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"சார், குழந்தை உள்ள இருக்கு. காலின்னு காட்டுது."

"பெய்ஜென், யோசிச்சுப் பாரு. இறங்கின குழந்தை திரும்ப ஏறுமா? எந்தக் குழந்தை அப்படிப் பண்ணும்?"

"எந்தக் குழந்தை பண்ணாது?" என்று எனக்குப் பின்னாலிருந்து வெடித்தாள் அக்கா. தெருவே திரும்பிப் பார்த்தது. "தண்ணி பாட்டில், தொப்பி, வரைஞ்ச படம், பொம்மையோட ஒத்தைக் காது! எதையாவது விட்டுட்டு ஓடாத ஒரு குழந்தையக் காட்டுங்க சார் எனக்கு. நாலு வயசுப் பிள்ளைய நீங்க பாத்திருக்கீங்களா இல்லையா?"

"சூச்சிங், இன்னைக்குப் படையல். குரலைக் கொஞ்சம்..."

"பேய்க்கு அன்னாசி வைக்க நேரம் இருக்கு. பிள்ளைங்களுக்கு ஒரு வாரம் இல்லையா? அண்ணன்மாரா வந்து கடைசி சீட்டுல பாக்கப் போறாங்க?"

லாய் சார் முகம் இறுகியது. ஊதுபத்தியைச் சாம்பலில் குத்தினார். உடைந்துவிட்டது. "நீங்க இன்னும் சோதனைக் காலத்துல இருக்கீங்க. அதை ஞாபகம் வச்சுக்கங்க."

"நானே ஒரு சோதனைதான் சார்" என்றாள் அக்கா.

இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று நெஞ்சு எரிந்தது. வெளியீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் எப்படியாவது மடக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு மறுநாள் வரைக்கும்தான்.

மறுநாள் மத்தியானம் வரவேற்பில் ஆள் இல்லை. போன் அடித்தது, நான் எடுத்தேன். ஃபெங்யுவான் பக்கத்து மழலையர் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை. குரலில் தேன் ஒழுகியது.

"உங்க மெஷின் ரொம்ப நல்லா வேலை செய்யுதுங்க! கோடை வகுப்பு முழுக்க இதுதான். அந்தப் பச்சைத் திரையில எங்க ஸ்கூல் படத்தையும் சின்னதாப் போட முடியுமான்னு லாய் சாரைக் கேட்டுச் சொல்றீங்களா?"

"கோடை வகுப்பு முழுக்கவா?"

"ஆமா. வேன் டிரைவருக்கும் வேலை மிச்சம்."

போனை வைத்தேன். நாங்கள் சோதித்துக்கொண்டிருந்த பதிப்பை, இன்னும் முடியாததை, லாய் சார் யாரிடமும் சொல்லாமல் கொண்டுபோய் ஓடுகிற வேனில் மாட்டியிருக்கிறார். சோதனை என்பது எங்கள் வேனில், எங்கள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நாங்கள் செய்வது. அவரோ ஊரார் பிள்ளைகளை வைத்துச் செய்துகொண்டிருந்தார்.

ஆ-ஹோங்கிடம் சொன்னேன். அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "நான் குடுத்தது சோதனைப் பதிப்பு! ஒவ்வொரு நாளும் மாத்திட்டிருக்கேன்! அதை எப்படி... என்கிட்ட ஒரு வார்த்தை..." அவன் எழுதிய அந்த ஒரு வரியும் சில நாளாக அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்தான்.

லாய் சார் வெளியூர் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. நானும் அக்காவும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினோம். வழியெல்லாம் அக்கா பின்னால் உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டே வந்தாள். காற்றில் பாதிதான் கேட்டது. பாதியே போதுமாக இருந்தது.

பள்ளி விடும் நேரம். காலையில் வேனில் அனுப்பிவிட்டு மாலையில் தாங்களே வந்து கூட்டிப்போகும் அம்மா அப்பாக்கள் வாசலில் நின்றிருந்தார்கள். வேன் நிழலில் நின்றது. டிரைவர் வெய் ஐயா, அறுபது வயதிருக்கும், சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எல்லாரும் இறங்கினதும் கடைசி சீட் வரைக்கும் போய்ப் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

"முன்னாடி பாப்பேன்மா. இப்பதான் இது பாக்குதே" என்று திரையைக் காட்டினார்.



தலைமை ஆசிரியை வெளியே வந்தார். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொன்னேன். தேன் வற்றிவிட்டது. "லாய் சார் அப்படி ஒண்ணும் சொல்லலையே. இங்க ஒரு பிரச்சினையும் வந்ததில்ல. வாசல்ல நின்னு இப்படிப் பேசாதீங்க, பெத்தவங்க பயந்துடுவாங்க."

"பயப்படட்டும்" என்றாள் அக்கா. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். டீச்சர் தொண்டை திறந்தது. "இங்க யாரு பிள்ளைக்கு இந்த அட்டை இருக்கு? எனக்கு ஒரு தடவை கடன் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

சிவப்புச் சட்டை போட்ட ஓர் அம்மா, கையில் மகளைப் பிடித்திருந்தவர், சந்தேகத்தோடு மகளின் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா அதை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். டிங்.

"செய்தி வந்துச்சா?"

"வந்துச்சு. 'உங்கள் குழந்தை வண்டியில் ஏறியது'" என்று போனைப் பார்த்துப் படித்தார் அந்த அம்மா. சிலர் சிரித்தார்கள். திரையில் பச்சை போய், ஒரு குழந்தை உள்ளே இருப்பதாகக் காட்டியது.

அக்கா உள்ளேயே உட்கார்ந்தாள். உடனே இறங்கினால் அதையும் அந்த வரி தள்ளிவிடும், அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். தலைமை ஆசிரியை போனில் லாய் சாரைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். ஒரு குழந்தை "அந்த ஆன்ட்டி ஏன் எங்க சீட்டுல உக்காந்திருக்காங்க?" என்று கேட்டது.

அக்கா இறங்கினாள். டிங். "'உங்கள் குழந்தை பத்திரமாக இறங்கியது'" என்று படித்தார் அந்த அம்மா.

"ஐயோ, என் தண்ணி பாட்டில்" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்ப ஏறினாள். கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். நான் கதவை மூடினேன்.

திரை பச்சையாக இருந்தது. வெய் ஐயா திரையைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கையாட்டும் அக்காவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "என்னம்மா இது" என்றார். "என்னம்மா இது!"

சிவப்புச் சட்டை அம்மா போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் அதைத் தலைமை ஆசிரியையின் முகத்துக்கு நேரே நீட்டினார். "பத்திரமா இறங்கியாச்சாம். படிங்க. சத்தமாப் படிங்க. இதை நம்பித்தான் நான் தினமும் வேலைக்குப் போறேன்."

இன்னொரு அப்பா வேன் கதவைப் படாரென்று திறந்தார். ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். வெய் ஐயா திரையின் வயரை ஒரே இழுப்பில் பிடுங்கிக் கீழே போட்டார். "நாளையிலேருந்து நானே போய்ப் பாக்கறேன். எனக்கு எவனும் காலி, காலி இல்லைன்னு சொல்ல வேணாம்" என்றார். யார்மேல் கோபம் என்று அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை. கண் கலங்கியிருந்தது.

ஏற்புச் சோதனை என்று ஒன்று உண்டு. உபயோகிக்கப் போகிறவர்களே பார்த்து, இதை ஏற்கிறோம் அல்லது ஏற்கவில்லை என்று சொல்வது. அந்தப் பள்ளி வாசலில் அன்று நடந்தது அதுதான். எல்லா வெளியீட்டுக்கும் முன்னால் நடக்க வேண்டியது.

லாய் சார் என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு. போனைக் காதில் வைக்க முடியவில்லை.

"யாரைக் கேட்டுப் போன? கம்பெனி மானத்தை நடுத்தெருவுல வித்துட்டு வந்திருக்க!"

"நீங்க யாரைக் கேட்டு அதைக் கொண்டு போய் மாட்டினீங்க சார்?"

"அந்தப் பொம்பளைய நாளைக்கு வர வேணாம்னு சொல்லு. சோதனைக் காலத்துல ஃபெயில்!"

அக்காவுக்கும் அது கேட்டது. ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே, "பாஸ் ஆனா அசிங்கமா இருந்திருக்கும்" என்றாள். ஆனால் வாரின் கொக்கி பொருந்தவில்லை. நான் மாட்டிவிட்டேன்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் ஆ-ஹோங் ஒரு காரியம் செய்திருந்தான். வேறெந்தப் பள்ளியில் மாட்டியிருக்கிறார் என்று தெரியாததால் சர்வரையே நிறுத்திவிட்டான். எந்த வேனிலும் திரை பச்சையாகாது. லாய் சார் அவனையும் போனில் கிழித்திருக்கிறார். "திருப்பி ஓட விடணும்னா நீங்களே வந்து ஓட விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம். அதை என்னிடம் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"மன்னிப்புக் கேக்காத. கேட்டா நான் மன்னிக்கணும், எனக்கு இப்ப அதுக்கு மனசில்ல. முதல்ல அதைச் சரி பண்ணு."

அவள் தன் கோப்பையையும் கதவோரச் செருப்பையும் எடுத்துக்கொண்டு போனாள்.

நானும் போயிருக்கலாம். போகவில்லை. நான் போனால் அடுத்த வாரமே அதே பதிப்பை மறுபடி மாட்டுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். கோபத்தில் ராஜினாமா செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் கோபத்தில் தங்கினேன். பெற்றோர்களின் சத்தம் நகரக் கல்வி அலுவலகம் வரை போய்விட்டதால் லாய் சாரால் என்னையும் வேலையிலிருந்து தூக்க முடியவில்லை. பள்ளி திறப்புக்கு வெளியீடு இல்லை என்று ஆனது. ஆ-ஹோங் கதவில் இரண்டு கருவி வைத்து, குழந்தை எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்க்கும்படி மாற்றி எழுதினான். கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒரு பொத்தான். டிரைவர் நடந்துபோய் அதை அழுத்தினால்தான் திரை அணையும். நான் கேட்ட ஒரு வாரத்துக்கு மேலேயே எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒருவரும் ஓடு, கூரை என்று பேசவில்லை.

இலையுதிர் காலத்தில் ஓட்டல் கூடம் ஒன்றில் வெளியீட்டு விழா. பள்ளி உரிமையாளர்கள் வட்ட மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். லாய் சார் மைக்கைப் பிடித்தார்.

"கோடையில நாங்க திட்டமிட்டு ஒரு களச் சோதனை நடத்தினோம். எங்க சொந்த ஆளுங்களே, பெற்றோர் முன்னிலையில, குறையக் கண்டுபிடிச்சாங்க. அந்த அளவுக்கு நாங்க வெளிப்படையான கம்பெனி. இன்னைக்கு இதுல ஒரு பிழைகூட இல்லைன்னு நான் உத்தரவாதம் தர்றேன்."

கைதட்டினார்கள். ரத்தம் தலைக்கு ஏறியது எனக்கு. பக்கத்தில் ஆ-ஹோங் என் முழங்கையைப் பிடித்தான். பிடுங்கிக்கொண்டு எழுந்தேன்.

"நான் பெய்ஜென். இதைச் சோதிச்சது நான்தான்" என்றேன். மைக் இல்லை. குரல் கீச்சென்று வந்தது. "சார் சொன்னதுல ஒண்ணை மாத்தணும். பிழை இருக்குன்னு சோதனையால காட்ட முடியும். பிழையே இல்லைன்னு எந்தச் சோதனையாலயும் காட்ட முடியாது. நான் தேடின இடத்துல இல்ல, அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். நான் தேடாத இடம் இருக்கும். அதனால உங்க டிரைவர் நடந்து போய் ஒவ்வொரு சீட்டையும் குனிஞ்சு பாக்கணும். பொத்தானை அழுத்தறதுக்காகப் போகக்கூடாது, பாக்கறதுக்காகப் போகணும். இது அவருக்கு உதவி. அவருக்குப் பதில் இல்ல."

ஒரு மேசையிலிருந்து வயதான உரிமையாளர் ஒருவர், "அப்ப இதை எதுக்கு வாங்கணும்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

"டிரைவர் மறக்கற ஒரு நாளைக்கு" என்றேன்.

லாய் சார் புன்னகை மாறாமல் "எங்க சோதனைக்குழு ரொம்பக் கறார்" என்று சொல்லி, பின்னால் இருந்த திரையில் அடுத்த படத்துக்குத் தாவினார். மேடையிலிருந்து இறங்கிய பிறகு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அடுத்த தடவை மைக் கேட்டு வாங்கிப் பேசு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நன்றி, மன்னிப்பு, எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. சூச்சிங் என்ற பெயரும் வரவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் இப்போது லிஃப்ட் கதவுகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். 'திட்டமிட்ட களச் சோதனை' என்ற இடத்துக்கு வந்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அக்கா?"

"இருக்கேன். எந்த வார்த்தையச் சொல்லித் திட்டறதுன்னு தேடிட்டிருக்கேன்" என்றாள். தேடிக் கண்டுபிடித்தாள். ஒன்று மட்டுமல்ல. நான் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை கேட்டேன்.